கார்ட்டூனுக்குள் ஒளித்துவைத்த கணக்குகள்

1995 அக்டோபர் 29 அன்று ஒளிபரப்பான ‘தி சிம்ப்ஸன்ஸ்’ ஹாலோவீன் எபிசோடில், ஹோமர் சிம்ப்ஸன் தன் மைத்துனிகளிடமிருந்து தப்பிக்கப் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளியப் போவார். போனவர் நேராக முப்பரிமாண உலகம் ஒன்றுக்குள் விழுந்துவிடுவார். கையால் வரைந்த தட்டையான மஞ்சள் மனிதர் திடீரென்று கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் தொப்பையும் தொந்தியுமாக நிற்பார். அந்தப் பகுதியை பசிஃபிக் டேட்டா இமேஜஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. ஹோமர் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும்போது அவருக்குப் பின்னால் சில எழுத்துகளும் எண்களும் மிதந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று இது:

1782¹² + 1841¹² = 1922¹²

பார்ப்பதற்குச் சும்மா அலங்காரத்துக்கு வைத்ததுபோல் இருக்கும். ஆனால் கணிதம் தெரிந்தவர்களுக்கு இதைக் கண்டதும் தூக்கிவாரிப் போடும். 3² + 4² = 5² என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அடுக்கு இரண்டாக இருக்கும்வரை இப்படி முழு எண்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அடுக்கு மூன்றானாலோ அதற்கு மேல் போனாலோ ஒரு தொகுதிகூடக் கிடைக்காது என்று 1637 வாக்கில் பியர் டி ஃபெர்மா எழுதிவைத்தார். மூன்றரை நூற்றாண்டு எல்லோருக்கும் தண்ணீர் காட்டிய அந்தக் கூற்றை ஆண்ட்ரூ வைல்ஸ் நிரூபித்தார். நிரூபணம் அச்சில் வந்ததும் 1995-இல்தான். அதே ஆண்டு ஒரு கார்ட்டூன், ‘இதோ பன்னிரண்டாம் அடுக்கில் ஒன்று இருக்கிறதே’ என்று காட்டுகிறது.

பத்து இலக்கம் காட்டும் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். இடது பக்கம் 2.541210259 பெருக்கல் 10-இன் 39-ஆம் அடுக்கு என்று வரும். வலது பக்கமும் அட்சரம் பிசகாமல் அதேதான் வரும். அந்தப் பகுதியை எழுதிய டேவிட் எக்ஸ். கோஹென், இப்படிக் கால்குலேட்டரை ஏமாற்றக்கூடிய எண்களைத் தேடிப்பிடிப்பதற்கென்றே ஒரு ப்ரோகிராம் எழுதினார். இரண்டு பக்கமும் 40 இலக்க எண்கள். முதல் ஒன்பது இலக்கம் ஒத்துப்போகும், பத்தாவதில் பிரியும். கால்குலேட்டர் கடைசி இலக்கத்தை முழுமையாக்கிக் காட்டும்போது அந்த வேறுபாடும் அமுங்கிப்போகும்.

இந்தப் பொய்யைப் பிடிக்கக் கால்குலேட்டரே தேவையில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த சங்கதி. கடைசி இலக்கத்தை மட்டும் பாருங்கள். 2-இன் பன்னிரண்டாம் அடுக்கு 4096, எனவே 1782-இன் பன்னிரண்டாம் அடுக்கு 6-இல் முடியும். 1-இல் முடியும் எண்ணை எத்தனை தடவை பெருக்கினாலும் 1-இல்தான் முடியும். இரண்டையும் கூட்டினால் கடைசி இலக்கம் 7. வலது பக்கம் 1922, அது 2-இல் முடிவதால் அதன் அடுக்கு 6-இல் முடியும். ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட மனக்கணக்கில் உடைத்துவிடலாம். ரசிகர்களும் விடவில்லை, ஒற்றை–இரட்டைக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

1998 செப்டம்பர் 20 அன்று வந்த எபிசோடில் ஹோமர் எடிசனைப் போலக் கண்டுபிடிப்பாளராகக் கிளம்புவார். அவர் எழுதிக்கொண்டிருக்கும் கரும்பலகையில் கோஹென் அடுத்ததை வைத்தார்:

3987¹² + 4365¹² = 4472¹²

இம்முறை ஒற்றையும் ஒற்றையும் சேர்ந்து இரட்டை வருகிறது. வலது பக்கமும் இரட்டை. கடைசி இலக்கச் சோதனையும் பலிக்காது, இரண்டு பக்கமும் 6-இல்தான் முடிகின்றன. கால்குலேட்டரிலோ முதல் பத்து இலக்கமும் அப்படியே ஒத்துப்போகின்றன. முன்னதைவிடத் தேர்ந்த பொய். ஆனால் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 3+9+8+7 = 27, 4+3+6+5 = 18. இரண்டுமே 3-ஆல் வகுபடும், ஆகவே இடது பக்கம் முழுவதும் 3-ஆல் வகுபடும். 4+4+7+2 = 17. அது வகுபடாது. அவ்வளவுதான், சமன்பாடு விழுந்துவிட்டது.

ஒளித்துவைத்த விஷயம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பார்க்கிறவர் கையிலேயே அதைச் சோதிக்கும் வழியும் இருக்க வேண்டும். ‘நீங்கள் கவனிக்காத பத்து ரகசியங்கள்’ என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வழி கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் போட்டிருப்பார். மூலக் காட்சியை யாருமே நிறுத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதே கரும்பலகையை வைத்தே உதாரணம் சொல்லலாம். அதன் முதல் வரி ஹிக்ஸ் போஸான் என்ற துகளின் நிறையைக் கணிக்கும் ஒரு சமன்பாடு. 2012-இல் அந்தத் துகள் உண்மையிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. உடனே ‘14 ஆண்டுகளுக்கு முன்பே ஹோமர் சொல்லிவிட்டார்’ என்று செய்தி பரவியது. இன்றைக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. பலகையில் இருப்பதைப் போட்டுப் பார்த்தால் சுமார் 775 கிகா எலெக்ட்ரான் வோல்ட் வரும். உண்மையான நிறை சுமார் 125. ஆறு மடங்கு வித்தியாசத்தைக் கணிப்பு என்று எப்படிச் சொல்வது? அதை எழுதியவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமும் இல்லை. கோஹென் தன் பள்ளி நண்பரான வானியலாளர் டேவிட் ஷிமினோவிச்சிடம் கேட்டு வாங்கி, பார்ப்பதற்கு முறையாக இருக்கும் ஒன்றைப் பலகையில் வைத்தார். பலகையில் உண்மையிலேயே ரசிக்க வேண்டியது மூன்றாம் வரி. பிரபஞ்சத்தின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு ஒன்றைவிடப் பெரிது என்று முதலில் இருக்கும். அப்படியானால் பிரபஞ்சம் ஒருநாள் தனக்குள்ளேயே சுருங்கி விழ வேண்டும். சற்று நேரத்தில் ஹோமரின் நிலவறையில் உள்நோக்கி ஒரு வெடிப்பு நடக்கும். அதற்குப் பிறகு அவர் அந்தக் குறியைத் திருப்பிப் போட்டிருப்பார். இதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

இப்படி எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியம் குறைந்துவிடும். கோஹென் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். ஒரு பக்கம் கருகிய அப்பங்களின் அடுக்கை வரிசைப்படுத்தும் கணக்கைப் பற்றி மானுவேல் ப்ளமுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 1995-இல் வெளிவந்தது. கென் கீலர் ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர். ஜெஃப் வெஸ்ட்புரூக் பிரின்ஸ்டனில் கணினி அறிவியலில் முனைவர். அல் ஜீன் கணித மாணவர். 1990 ஜனவரியில் வந்த இரண்டாவது எபிசோடிலேயே குழந்தை மேகி தன் எழுத்துக் கட்டைகளை ஈ, எம், சி, எஸ், க்யூ, யூ என்று அடுக்கியிருப்பாள். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டை எழுத வந்த இடத்தில் கட்டை தீர்ந்துவிட்டது.

2006-இல் ஒரு பேஸ்பால் எபிசோட். மைதானத்தின் பெரிய திரையில், ‘இன்று வந்திருக்கும் கூட்டம் எவ்வளவு?’ என்று கேட்டு விடைகள் காட்டப்படும்: 8191, 8128, 8208. முதலில் சும்மா வாய்க்கு வந்த எண்களைத்தான் போட்டிருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். 8191 என்பது 2-இன் பதின்மூன்றாம் அடுக்கில் ஒன்று குறைவு, மெர்சென் பகா எண். 8128 நிறைவெண். தன்னை விட்டுவிட்டு மற்ற வகுஎண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் வரும், 6, 28, 496 என்ற வரிசையில் நான்காவது. 8208-இன் நான்கு இலக்கங்களையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் 4096+16+0+4096, மறுபடி 8208. மூன்றும் ஒரு கூட்டத்தின் எண்ணிக்கை என்று நம்பும்படி பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள், அதில்தான் உழைப்பு தெரிகிறது.

1999 மார்ச் 28-இல் தொடங்கிய ‘ஃப்யூச்சுராமா’ என்ற எதிர்காலக் கதைக் கார்ட்டூன் தொடரில் கோஹெனும் கீலரும் இன்னும் துணிந்து விளையாடினார்கள். நம் ஊர்க்காரருக்கு அதில் ஒரு நிரந்தர இடம் உண்டு. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், லண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தபோது பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இரண்டு கன எண்களின் கூட்டாக இருவேறு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் சட்டென்று சொன்ன கதை நமக்குத் தெரியும்: 1³+12³, 9³+10³. அந்த 1729 இந்தத் தொடர் முழுக்கத் தலைகாட்டும். ரோபோ பெண்டருக்கு வரும் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் அவன் 1729-ஆவது மகன். நிம்பஸ் என்ற போர்க்கப்பலின் உடம்பில் 1729. பல பிரபஞ்சங்களுக்குத் தாவும் எபிசோடில் ஒரு பிரபஞ்சத்தின் எண்ணும் அதுவே.

இதோடு நின்றிருந்தால் வெறும் மரியாதைக் குறிப்பாகப் போயிருக்கும். 2000-இல் வந்த ஓர் எபிசோடில் பெண்டரைப் போலவே இருக்கும் ஃப்ளெக்ஸோ என்ற ரோபோவும் பெண்டரும் தங்கள் வரிசை எண்களைச் சொல்லிக்கொண்டு, இரண்டுமே இரண்டு கனங்களின் கூட்டு என்று சிரித்துக்கொள்வார்கள். ஃப்ளெக்ஸோவின் எண் 3370318. அது 119³+119³. பெண்டரின் எண் 2716057. இதை இரண்டு நேர்ம எண்களின் கனங்களாகப் பிரிக்கப் போய் மூக்கை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று குறைமம்: 952³ + (–951)³. 2007-இல் வந்த முழுநீளப் படத்தில் ஒரு டாக்சியின் கூரையில் 87539319 என்று இருக்கும். 167³+436³, 228³+423³, 255³+414³ ஆகிய மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு கனங்களின் கூட்டாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் இது. ஹார்டி வந்த டாக்சிக்கு அடுத்த டாக்சி.

சின்னச் சின்ன விஷயங்கள் இதில் ஏராளம். பெண்டரின் தலைக்குள் ஊடுருவிப் பார்க்கும்போது தெரியும் 6502 என்பது ஆப்பிள் 2 கணினியில் இருந்த சிப்பின் எண். பேய் மாளிகைச் சுவரில் ரத்தத்தில் 0101100101 என்று இருப்பதைப் பார்த்துப் பெண்டர் அலட்டிக்கொள்ள மாட்டான். அதையே கண்ணாடியில் பார்த்ததும் அலறுவான். திருப்பிப் படித்தால் 1010011010, நம் எண் முறையில் 666, பைபிளில் சாத்தானின் எண். ஹோமர் விழுந்த அந்த முப்பரிமாண உலகில் ‘பி = என்பி’ என்று மிதந்துபோகும். விடையைச் சரிபார்ப்பது எளிதான கணக்குகளுக்கெல்லாம் (என்பி) விடையைக் கண்டுபிடிப்பதும் எளிதுதானா (பி) என்ற, கணினி அறிவியலின் தீராத கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் அது. ஃப்யூச்சுராமாவின் அலமாரி ஒன்றிலோ பி என்று ஒரு கோப்பும் என்பி என்று வேறொரு கோப்பும் தனித்தனியாக இருக்கும். இரண்டு தொடரிலும் கோஹென் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பின்னணியில் சுவரொட்டிகளிலும் கடைப் பலகைகளிலும் தெரியும் வேற்றுக்கிரக எழுத்துகளும் உண்மையான செய்திகள்தான். முதல் எழுத்துமுறை வெறும் மாற்றெழுத்து, ஒரு குறிக்கு ஓர் ஆங்கில எழுத்து. அதை ரசிகர்கள் வெகுசீக்கிரத்தில் உடைத்துவிட்டதால் அடுத்ததைக் கடினமாக்கினார்கள். இரண்டாவதில் ஒவ்வொரு குறிக்கும் 0 முதல் 25 வரை ஒரு மதிப்பு உண்டு. குறியின் மதிப்பு அந்த இடத்து எழுத்தை மட்டும் சொல்லாது. அதுவரை வந்த எழுத்துகள் எல்லாவற்றின் கூட்டையும் சொல்லும், 25-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து. படிக்கும் வழி எளிது: முதல் குறியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு குறியிலிருந்தும் அதற்கு முந்தைய குறியைக் கழியுங்கள். கழித்தால் குறைமமாக வந்தால் 26 கூட்டுங்கள். 5-க்குப் பிறகு 12 வந்தால் எழுத்து 7. அதற்கடுத்து 3 வந்தால் 3–12 = –9, 26 கூட்ட 17. ஒரே எழுத்து வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு குறியாக வருவதால், எந்தக் குறி அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கமான தந்திரம் இங்கே பலிக்காது. ஒரு குறியைத் தவறாகப் படித்தால் அந்த எழுத்தும் அடுத்த எழுத்தும் மட்டும் கெடும். அதற்கப்பால் தானாகச் சரியாகிவிடும்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 2010 ஆகஸ்ட் 19 அன்று ஒளிபரப்பானது. இரண்டு பேரின் மனங்களை இடம் மாற்றும் இயந்திரத்தைப் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் செய்கிறார். ஒரு சிக்கல்: ஒருமுறை மாற்றிக்கொண்ட அதே இரண்டு உடல்கள் மறுபடி தங்களுக்குள் மாற்றிக்கொள்ள முடியாது. கூத்து முற்றி ஒன்பது பேர் ஆள்மாறிக் கிடக்கிறார்கள். எல்லோரையும் பழையபடி ஆக்க முடியுமா? எபிசோடை எழுதிய கென் கீலருக்கு விடை தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு தேற்றமே நிறுவிவிட்டார்: எத்தனை பேர் எப்படிக் குழம்பிக் கிடந்தாலும், இயந்திரத்தைத் தொடாத இரண்டு பேர் கூடுதலாக இருந்தால் போதும். அந்த நிரூபணம் அப்படியே பச்சைப் பலகையில் திரையில் தெரிகிறது. ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதைக்காகவே புதிதாக நிரூபிக்கப்பட்ட தேற்றம் இது. அதை மேம்படுத்தி 2014-இல் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் கட்டுரையும் வந்தது.

சிறிய அளவில் செய்து பார்ப்போம். தொடரின் நாயகன் ஃப்ரையும் அவன் கூட்டாளி ஸாய்ட்பெர்க்கும் மனம் மாறிவிட்டார்கள். உதவிக்கு வருகிறவர்கள் கிளைடும் டேட்டும். முதலில் கிளைடையும் ஃப்ரையின் உடலையும் இயந்திரத்தில் உட்காரவைக்க வேண்டும். இப்போது கிளைட் உடலில் ஸாய்ட்பெர்க், ஃப்ரை உடலில் கிளைட். அடுத்து டேட்டும் ஸாய்ட்பெர்க்கின் உடலும்: டேட் உடலில் ஃப்ரை, ஸாய்ட்பெர்க் உடலில் டேட். மூன்றாவதாகக் கிளைட் உடலும் ஸாய்ட்பெர்க் உடலும் மாற, ஸாய்ட்பெர்க் தன் வீடு சேர்ந்தார். நான்காவதாக டேட் உடலும் ஃப்ரை உடலும் மாற, ஃப்ரையும் சேர்ந்தார். மீதி கிளைடும் டேட்டும் மட்டும் தலைமாறி நிற்பார்கள். அவர்கள் இருவரும் அதுவரை ஒருவரோடொருவர் இயந்திரத்தில் உட்காரவில்லை, எனவே ஒரே மாற்றில் அதுவும் தீர்ந்துவிடும். ஃப்ரை–ஸாய்ட்பெர்க் ஜோடியை மறுபடி தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பொதுவாக, ஒருவர் மனம் அடுத்தவர் உடலில் என்று சுற்றிவரும் ஒரு சங்கிலியில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்களோ அதைவிட இரண்டு மாற்று அதிகம் தேவை. எபிசோடில் இரண்டு சங்கிலிகள்: ஃப்ரையும் ஸாய்ட்பெர்க்கும் ஒன்று, மற்ற ஏழு பேர் இன்னொன்று. நாலும் ஒன்பதும் பதின்மூன்று. ஒவ்வொரு சங்கிலியை அவிழ்க்கும்போதும் உதவியாட்கள் இருவரும் ஒருமுறை தலைமாறுவதால், இரண்டு சங்கிலி முடிந்ததும் தாங்களாகவே பழைய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். கடைசி மாற்று தேவைப்படவில்லை. திரையில் அந்தப் பதின்மூன்றும் வேகமாக ஓடும். காகிதத்தில் பதினொரு பெயர் எழுதிவைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் ஒன்றுகூடப் பிசகாது.

எல்லா மறைபொருளும் கணக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஃப்யூச்சுராமாவின் முதல் எபிசோடில் ஃப்ரை நாற்காலியோடு சாய்ந்து உறைபெட்டிக்குள் விழும் காட்சியில், மேசைக்கு அடியில் ஒரு சின்ன நிழல் விழும். அப்போது யாருக்கும் அதன் பொருள் தெரிய வழியில்லை. 2003 ஏப்ரலில்தான், அந்த நிழல் நிப்ளர் என்ற வேற்றுக்கிரகப் பிராணியுடையது, ஃப்ரை விழுந்தது விபத்தே அல்ல என்று கதை சொன்னது. நாலு ஆண்டு பொறுமை. பழைய டேப்பை எடுத்துப் போட்டால் நிழல் அங்கேயே இருக்கிறது. இதுவும் சோதிக்கக்கூடியதுதான்.

அலெக்ஸ் ஹிர்ஷின் ‘கிராவிட்டி ஃபால்ஸ்’ (2012–2016) வேறு மாதிரி. அது பார்ப்பவரைப் படிப்படியாகப் பழக்கியது. முதல் ஆறு எபிசோடின் இறுதியில் வரும் புதிர் வரிகளில் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று இடம் பின்னால் நகர்த்தினால் போதும். முதல் வரியின் இஸட், எச், ஓ, எஃப், ஆர், பி, எச் என்பது ‘வெல்கம்’ ஆகிவிடும். தலைப்பு இசையின் முடிவில் கேட்கும் கிசுகிசுப்பைத் திருப்பி ஓடவிட்டால் அந்தக் குறிப்பே கேட்கும். ஏழாவதிலிருந்து ஆங்கில அகரவரிசையையே தலைகீழாக்கி ஏ-க்கு இஸட், பி-க்கு ஒய் என்று மாற்றும் முறை, பதினான்காவதிலிருந்து எழுத்துகளுக்குப் பதில் எண்கள், இருபதாவதில் மூன்றும் சேர்ந்து. இரண்டாம் பருவத்தில் விஜனேர் முறை, அதாவது ஒரு திறவுச்சொல்லின் எழுத்துகளுக்கேற்ப ஒவ்வொரு எழுத்தும் வெவ்வேறு தூரம் நகரும். அதற்கு வேண்டிய திறவுச்சொல்லை எபிசோடுக்குள்ளேயே எங்காவது ஒளித்திருப்பார்கள். சிறுவர்களுக்கான தொடர் ஒன்று இவ்வளவு ஒழுங்காக மறையெழுத்துப் பாடம் நடத்தியது வேறெங்கும் இல்லை என்பேன்.

இனி, நீங்களே தேட நினைத்தால் எதில் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். திரைக்கு நொடிக்கு 24 படங்கள் ஓடினாலும், இப்படிப்பட்ட தொடர்களில் ஓர் ஓவியம் பெரும்பாலும் இரண்டு படங்களுக்கு அப்படியே நிற்கும். அரை நொடி தெரியும் பலகைக்குக்கூட நிறுத்திப் பார்க்கப் பன்னிரண்டு வாய்ப்பு உண்டு. வி.எல்.சி. பிளேயரில் இ விசையை அழுத்தினால் ஒவ்வொரு படமாக நகரும். பழைய அமெரிக்க ஒளிபரப்பிலிருந்து எடுத்த பிரதி என்றால் சில இடங்களில் படம் சீப்புப்பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். 24 படத்தை அந்த ஊர்த் தொலைக்காட்சியின் 30-க்கு இழுப்பதற்காக ஐந்துக்கு இரண்டு படங்களில் பக்கத்துப் படத்தையும் கலந்திருப்பார்கள். ஒன்றிரண்டு படம் தள்ளினால் சுத்தமான படம் கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் அகலத்திரை. சிம்ப்ஸன்ஸின் முதல் இருபது ஆண்டு எபிசோடுகள் 4:3 அளவில் செய்யப்பட்டவை. 16:9 திரையை நிரப்ப வேண்டும் என்று மேலும் கீழும் வெட்டினால் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடும். 2019 நவம்பரில் டிஸ்னி ப்ளஸ் தொடங்கியபோது இப்படி வெட்டிய பிரதிகளைத்தான் போட்டார்கள். 1993-இல் வந்த எபிசோடில் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள், மூன்றுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து பீர் வந்து இறங்கும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், குழாய்தான் நகைச்சுவை. வெட்டிய பிரதியில் அந்தக் குழாயே இல்லை, வெறும் மூன்று தொட்டி. ரசிகர்கள் சத்தம் போட்ட பிறகு 2020 மே மாதத்தில் பழைய அளவில் பார்க்கும் வசதியைக் கொடுத்தார்கள். எபிசோட் பட்டியலுக்குப் பக்கத்தில் விவரப் பகுதியில் அது இருக்கும். தேடத் தொடங்கும் முன் முதலில் அதை மாற்றிவிடுங்கள். டிவிடி கிடைத்தால் இன்னும் நல்லது, எழுதியவர்களும் இயக்கியவர்களும் உட்கார்ந்து பேசிய ஒலித்தடம் அதில்தான் இருக்கிறது.